சேமியா ஆலைக்குப் பக்கத்தில் ஒரு கப்பல்

*ஜெர்மனியின் கிழக்கு ஓரத்துச் சிற்றூர் ஒன்றில், நான்கு குழந்தைகள் உள்ள ஒரு குடும்பத்துக்காக 1933-ல் கட்டி முடிந்த அதிசய வீடு, அடுத்தடுத்து வந்த அரசுகளையெல்லாம் தாண்டி நிற்கும் கதை*

சாக்சனி மாநிலத்தின் கிழக்குக் கோடியில், போலந்து எல்லையும் செக் நாட்டு எல்லையும் நெருங்கி வரும் மூலையில், லோபாவ் என்றொரு சிற்றூர் இருக்கிறது. ஊரையொட்டிய குன்றின் உச்சியில், 1854-ஆம் ஆண்டில் வார்ப்பிரும்பைப் பூவேலையாக வார்த்து எழுப்பிய 28 மீட்டர் உயரக் கோபுரம். அங்கிருந்து இறங்கி வந்தால், செங்குத்தான ஓட்டுக் கூரைகளைச் சுமந்து நெருக்கியடித்து நிற்கும் பழைய வீடுகள். நடுவே சந்தைச் சதுக்கம், நகர மன்றம், மாதாகோயில் மணிக்கூண்டு. வழிப்பறிக் கொள்ளையரிடமிருந்து தங்கள் வாணிபத்தைக் காத்துக்கொள்வதற்காக அந்தப் பிரதேசத்து ஆறு நகரங்கள் 1346-ல் கூடி உடன்படிக்கை செய்துகொண்டது இவ்வூரில்தான் என்பது இங்குள்ளோரின் பழம்பெருமை. மரக்கட்டைகளை அடுக்கிய கீழறையும், அதற்கு வெளியே நின்று மாடியைத் தாங்கும் மரத்தூண் வளைவுகளுமாக அமைந்த கிராமத்து வீடுகள் சுற்றுவட்டாரமெங்கும் இன்றும் காணக் கிடைக்கின்றன.

இப்படிப் பழமையில் ஊறிய ஊரின் தெருக்களைக் கடந்து, செர்ரி மரங்களின் பெயர் தாங்கிய ஒரு சாலைக்கு வந்து, ஓய்ந்துபோன ஓர் ஆலையின் பக்கமாகத் திரும்புகிறவர், தம் கண்களைத் தாமே நம்ப மாட்டாமல் ஒரு கணம் நின்றுவிடுவார். வெள்ளை வெளேரென்ற சுவர். ஓடு என்பதே இல்லாத தட்டைக் கூரை. நீளமாக ஓடும் கண்ணாடி. கிழக்குக் கோடியில் ஒன்றன்மேல் ஒன்றாக நீண்டு அந்தரத்தில் மிதக்கும் திறந்த தளங்கள். அவற்றைச் சுற்றி மெல்லிய இரும்புக் கம்பிப் பிடிகள். ஒரு தளத்திலிருந்து மறு தளத்துக்குச் சாய்வாக ஏறும் வெளிப்படிக்கட்டு. ஆங்காங்கே வட்ட ஜன்னல். சரிவின் கீழே சிறியதொரு குளம். கடலிலிருந்து நெடுந்தொலைவில், உருளைக்கிழங்கு வயல்களும் ஊசியிலைக் காடுகளும் சூழ்ந்த உள்நாட்டில், கப்பலொன்று தரை தட்டி நிற்கிறது. ஆலையில் உற்பத்தியான பண்டம் சேமியா, மக்ரோனி, நூடுல்ஸ் முதலிய மாவு வகைகள் என்பதால், ஊரார் இவ்வீட்டுக்கு ‘நூடுல்ஸ் கப்பல்’ என்று பெயர் சூட்டிவிட்டார்கள். அந்தப் பண்டங்களின் வியாபார முத்திரையும் நங்கூரமாகவே அமைந்தது தற்செயல்தான் என்றாலும், ஊர் வாய்க்கு அது போதாதா?

நம் ஊர்களில் வீடு கட்டப் புறப்படுகிறவர்கள் கூடும் இடமெல்லாம் இப்பொழுது ‘எலிவேஷன்’ பற்றிய பேச்சுத்தான் ஓங்கி நிற்கிறது. முகப்பில் ஒரு கண்ணாடிப் பட்டை, தட்டையான மேல்தளம், பெட்டி பெட்டியாக வெளியே நீட்டிய பால்கனி, சாம்பல் நிறச் சாயம்: இவ்வளவும் சேர்ந்தால் ‘மாடர்ன் வீடு’ என்று பெயராகிவிடுகிறது. அந்தப் பாணி பிறந்த நாட்டில், அது பிறந்த தலைமுறையிலேயே, பெருநகரங்களுக்கு அப்பால் ஒரு சிற்றூரில் எழுந்த வீடு எதற்காக அப்படிக் கட்டப்பட்டது, கட்டியவர்களுக்கு அதனால் என்ன விளைந்தது, அது எவ்வாறு இன்றுவரை இடிபடாமல் நிற்கிறது என்பவற்றை விசாரித்துப் பார்ப்பது, முகப்பை மட்டும் பார்த்து மயங்குகிற நமக்குப் பிரயோஜனமாக இருக்கும்.

[பெட்டிச் செய்தி] ஒரு பார்வையில்

வீட்டின் பெயர்: ஷ்மிங்கே இல்லம்
இடம்: லோபாவ், சாக்சனி, ஜெர்மனி
கட்டுவித்தவர்கள்: மாவுப் பண்ட ஆலை முதலாளி ஃபிரிட்ஸ் ஷ்மிங்கே, அவர் மனைவி ஷார்லோட்டே
கட்டடக் கலைஞர்: ஹான்ஸ் ஷரூன் (1893–1972)
தோட்டம் அமைத்தவர்கள்: ஹெர்ட்டா ஹம்மர்பாகர், ஹெர்மன் மாட்டர்ன்
பொறுப்பு ஒப்படைக்கப்பட்டது: 1930
கட்டிய காலம்: 1932–1933
அமைப்பு: எஃகுச் சட்டகம், தட்டைக் கூரை, இரண்டு தளங்கள்
பெரும் புதுப்பிப்பு: 1999–2000

முதலாளியும் கலைஞரும்

ஃபிரிட்ஸ் ஷ்மிங்கே தந்தையிடமிருந்து ஆலையைப் பெற்றவர். சிற்றூர் முதலாளி என்றால் நாம் மனத்தில் வரைந்துகொள்ளும் சித்திரத்துக்கு அடங்காத ரசிகர். அக்காலத்து ஜெர்மனியில் கலைஞர்களையும் தொழிலதிபர்களையும் ஒரே மேடையில் சேர்த்து, நாற்காலி முதல் நகரம் வரை எல்லாவற்றையும் புதிதாகச் சிந்திக்க வேண்டும் என்று பிரசாரம் செய்த இயக்கத்தின் கண்காட்சிகள், 1927-ல் ஸ்டட்கார்ட் நகரிலும் 1929-ல் பிரெஸ்லாவ் நகரிலும் நடைபெற்றன. இரண்டிலும் கட்டடக் கலைஞர் ஷரூனின் கட்டடங்கள் இடம் பெற்றிருந்தன. பிரெமனில் பிறந்து, துறைமுக நகரமான பிரெமர்ஹாஃபனில் கப்பல்களின் நடுவே வளர்ந்து, பிரெஸ்லாவ் கலைக் கல்லூரியில் பேராசிரியராக இருந்த அவர், சதுரமும் செங்கோணமும் ஒரு மதம் போலப் பரவியிருந்த காலத்தில், வளைவுக்கும் சாய்வுக்கும் உரிய நியாயத்தைக் கேட்டவர்.

முதலாளி கலைஞருக்குச் சொல்லியனுப்பிய தேவைகள் நேரானவை. பெற்றோர் இருவர், பிள்ளைகள் நால்வர், எப்பொழுதேனும் வந்து தங்கும் விருந்தினர் ஓரிருவர். இவர்களுக்கு ஏற்ற நவீன வீடு. வீட்டு வேலை குறைய வேண்டும். படுக்கையறைகள் பெரிதாக வேண்டாம்; உறங்குவதற்கு எவ்வளவு இடம் வேண்டுமோ அவ்வளவு போதும். எல்லோரும் கூடியிருக்கும் இடமே வீட்டின் ஜீவனாக இருக்க வேண்டும்.

வீட்டைக் கட்டிப் பார், கல்யாணத்தைப் பண்ணிப் பார் என்று நம்மவர்கள் சொல்லிவைத்தது ஐரோப்பாவில் நவீன வீடு கட்டியவர்களுக்கு இரட்டிப்பாகப் பொருந்தும். அவ்வகை வீடுகளுள் புகழ் பெற்ற சில, கட்டியவரும் கட்டுவித்தவரும் மனஸ்தாபப்பட்டு முடிந்தவை. லோபாவில் அது நேரவில்லை. தாம் கட்டிய இல்லங்களிலெல்லாம் தமக்கு மிகவும் பிரியமானது இதுவே என்று ஷரூன் பிற்காலத்தில் சொன்னதாகக் குறிப்பு உண்டு.

வெயில் தெற்கே, காட்சி வடக்கே

பார்க்க வருகிறவர்கள் எல்லோரும் கப்பல் என்கிறார்கள். ஷரூன் கடற்கரையில் வளர்ந்த பிள்ளை என்பதையும் ஞாபகப்படுத்திக்கொண்டு, விஷயம் விளங்கிவிட்டது என்று திருப்தியடைகிறார்கள். எனக்கு அந்த விளக்கத்தில் பாதிதான் சம்மதம். மனையைக் கவனித்தால் வேறொரு காரணம் புலப்படும்.

மனைக்குத் தெற்கே ஆலை. ஆனால் குளிர் நாட்டில் வெயில் வருவதும் தெற்கிலிருந்துதான். வடகிழக்கே நிலம் சரிந்து இறங்குகிறது; தோட்டமும் குளமும் திறந்த வெளியும் அந்தத் திசையில் இருக்கின்றன. வெயிலை நாடி முகத்தைத் திருப்பினால் பார்வையில் ஆலைச் சுவர் விழுகிறது; காட்சியை நாடித் திரும்பினால் வீடு குளிரில் விறைக்கிறது. இந்தச் சங்கடத்தைத் தீர்க்க ஷரூன் வீட்டைக் கிழக்கு மேற்காக நீண்டு, குறுக்கில் ஒடுங்கியதாக அமைத்தார். வசிக்கும் கூடத்துக்குத் தெற்கிலும் வடக்கிலும் கண்ணாடி வைத்து, ஒரு புறத்தில் வெயிலையும் மறு புறத்தில் தோட்டத்தையும் ஒருங்கே உள்ளே வரவழைத்தார். அதன் பிறகு, காட்சி மிகச் சிறந்திருக்கும் வடகிழக்கை நோக்கி, வீட்டின் கோடியைச் சுமார் 26 பாகை திருப்பிவிட்டார். வாசலைக் கடந்து உள்ளே வருகிறவரை எதிர்கொள்ளும் மாடிப்படியும் அந்தத் திருப்பத்தையே அனுசரித்துக் கோணலாகப் புறப்படுகிறது. கிழக்கே நீண்ட மேல்தளங்கள் கப்பலின் தளங்களைப் போலத் தோன்றுவது வாஸ்தவமே. ஆனால் அவை அங்கே நீள்வதற்கு முதற்காரணம், மாடிப் படுக்கையறையிலிருந்து எழுந்து வருகிறவர் நேரே தோட்டத்தின் மேல் காலை வெளிச்சத்தில் நிற்கலாம் என்பதுதான். வெளித் தோற்றம் உள்ளிருந்து பிறந்தது. முகப்புக்காக ஓர் அங்குலமும் நீட்டப்படவில்லை.

இவ்வளவு கண்ணாடி சாத்தியமானதற்கு எஃகுச் சட்டகமே காரணம். பாரத்தைத் தூண்களும் உத்தரங்களும் ஏற்றுக்கொள்வதால், சுவருக்குச் சுமக்கிற வேலை பெரும்பாலும் இல்லை. கூடத்தின் கிழக்குக் கோடியில் பசுஞ்செடிகளுக்கென்று ஒரு கண்ணாடி அறை. அதன் வெளிக் கண்ணாடி நிமிர்ந்து நிற்காமல் சாய்ந்து நிற்கிறது. அதற்கப்பால் தோட்டம். அதை அமைத்த ஹம்மர்பாகரும் மாட்டர்னும், செடி வளர்ப்பில் ஜெர்மனியெங்கும் கீர்த்தி பெற்றிருந்த கார்ல் ஃபோர்ஸ்டரின் வட்டத்தைச் சேர்ந்தவர்கள். வீட்டுக்குள் செடி, செடிகளுக்கு நடுவே வீடு என்று எல்லை கலங்கும்படி இரு தரப்பாரும் கூடி வேலை செய்திருக்கிறார்கள்.

குழந்தைகளின் உயரத்தில்

கட்டடக் கலை நூல்கள் சட்டகத்தையும் கோணத்தையும் விஸ்தாரமாகப் பேசிவிட்டு, இவ்வீட்டின் மிக நுட்பமான பகுதியை ஒரு வரியில் தாண்டிப் போய்விடுவது உண்டு. கீழ்த்தளத்தில், வாசலுக்கும் கூடத்துக்கும் அண்மையில், நல்ல வெளிச்சமுள்ள இடமாகப் பார்த்துக் குழந்தைகளின் விளையாட்டு மூலை ஒதுக்கப்பட்டிருக்கிறது. பெரியவர்களின் வரவேற்பறைக்குக் குந்தகமில்லாமல் பிள்ளைகளை மாடிக்கோ புறக்கடைக்கோ அனுப்பிவிடுவது அக்காலத்துச் செல்வர் வீடுகளின் மரபு. இங்கே வருகிற விருந்தினர், பிள்ளைகளின் ராஜ்யத்தைத் தாண்டாமல் உள்ளே போக இயலாது. பொம்மைகளுக்குச் சுவரோடு சேர்ந்த அலமாரி. தோட்டத்துக்குத் திறக்கும் கதவில், சிறுவர் சிறுமியரின் கண்ணெட்டும் உயரங்களில், வட்ட வட்டமான வண்ணக் கண்ணாடிகள். ஒன்றில் கண்ணை வைத்தால் தோட்டம் ஒரு நிறம். பக்கத்திலிருப்பதில் வேறொரு நிறம். பெரியவர் எவரும் அவற்றின் வழியே பார்க்க வேண்டுமானால் முதுகை வளைக்க வேண்டும்.

மாடியில் நடைவழி நெடுகச் சுவருக்குள் பதித்த அலமாரிகள். படுக்கையறைகள் முதலாளி கேட்டபடியே சிறியவை. சமையலறை, 1926-ல் மார்கரெட்டே ஷுட்டே-லிஹோட்ஸ்கி என்ற பெண் கட்டடக் கலைஞர் வகுத்துக் கொடுத்த ஃபிராங்ஃபர்ட் முறையைத் தழுவியது. எட்டிய இடத்தில் பொருள், வீணாகாத நடை, துடைக்க எளிய பரப்பு என்பவை அதன் இலக்கணம். ஷார்லோட்டே அம்மையார் வீட்டை நடத்தியவர் என்ற அளவில் நில்லாமல், அதன் தேவைகளை வகுப்பதிலும் பங்கு கொண்டவர். பிற்காலத்தில் வீட்டின் தலைவிதியைத் திருப்பியதும் அவருடைய கைதான்.

செல்வர் வீடுதானே, இதில் சிலாகிக்க என்ன இருக்கிறது என்று ஒரு வாசகர் கேட்கலாம். கேட்கத்தான் வேண்டும். இவ்வீட்டுக்கு வேலை தொடங்கிய 1932-ன் ஆரம்பத்தில் ஜெர்மனியில் வேலையற்றோர் தொகை சுமார் 60 லட்சம். அப்படிப்பட்ட ஆண்டில், ஆலைத் தொழிலாளர் கண் காண, ஆலைக்கு அடுத்த மனையிலேயே எஃகும் கண்ணாடியுமாக ஒரு முதலாளி வீடு எழுப்பியதில் உறுத்தல் இல்லை என்று சொல்வதற்கில்லை. அந்த உறுத்தலைச் சரித்திரம் வேறொரு வகையில் தீர்த்துவைத்தது.

கிரகப்பிரவேச ஆண்டு

குடும்பம் புது வீட்டுக்குக் குடியேறிய 1933-ஆம் ஆண்டின் ஜனவரி 30-ஆம் தேதி ஹிட்லர் ஆட்சிப் பீடம் ஏறினான். அவ்வாண்டுக் கோடைக்குள் பெர்லினில் பௌஹௌஸ் கலைக் கல்லூரி மூடப்பட்டது. தட்டைக் கூரை ஜெர்மானிய ரத்தத்துக்கு ஒவ்வாதது என்ற பேச்சு அதற்கு முன்பே கிளம்பியிருந்தது. ஸ்டட்கார்ட் கண்காட்சி வீடுகளின் படத்தில் ஒட்டகங்களையும் அரபு நாட்டினரையும் ஒட்டி ஏளனம் செய்த தபாலட்டை பிரசித்தமானது. அந்தப் பேச்சு இப்பொழுது ஆட்சியாளரின் குரலாயிற்று. இன்னும் சில மாதங்கள் தாமதமாகியிருந்தால், லோபாவின் நகர அதிகாரிகள் இப்படியொரு கட்டடத்துக்கு அனுமதி தந்திருப்பார்களா என்பது சந்தேகமே.

ஷரூனுக்கு நேர்ந்தது இதைவிடக் கடுமை. பிரெஸ்லாவ் கல்லூரி சிக்கனத்தைக் காரணம் காட்டி 1932-லேயே மூடப்பட்டுவிட்டதால் அவருக்குப் பதவி இல்லை. எரிக் மெண்டல்ஸோன், வால்டர் குரோபியஸ், மீஸ் வான் டெர் ரோ ஆகிய கட்டடக் கலைஞர்கள் ஒருவர்பின் ஒருவராக நாட்டைவிட்டு வெளியேற, இவர் மட்டும் தங்கிவிட்டார். அரசாங்க வேலை எதுவும் வராத அந்தப் பன்னிரண்டு ஆண்டுகளும் சிறு சிறு தனி வீடுகளைக் கட்டியே காலம் தள்ளினார். அவ்வீடுகள் தெருவுக்குக் காட்டும் முகம் அடக்க ஒடுக்கமானது: சாய்ந்த கூரை, செங்கல், அளவான ஜன்னல். கதவைத் திறந்து உள்ளே போனால் சுவர்கள் வளைகின்றன, படிகள் கோணலாக ஏறுகின்றன, பின்புறம் முழுவதும் தோட்டத்துக்குத் திறந்துவிடுகிறது. லோபாவில் வெளிப்படையாகப் பேசியதை அதற்குப் பின் கூரைக்கு அடியில் ஒளித்துப் பேசினார். தோட்டக் கலைஞர் மாட்டர்னுக்காக அவர் கட்டிக் கொடுத்த வீடும் இவ்வரிசையில் ஒன்று.

யுத்தம் முடிந்தபின் அவருடைய ஒளித்த பேச்சு மறுபடி வெளியே வந்தது. பெர்லின் ஃபில்ஹார்மோனி என்னும் இசை மண்டபத்தை 1963-ல் அவர் முடித்துக் கொடுத்தபோது, இசைக் குழுவை நடுவே அமர்த்தி, கேட்போரைச் சுற்றிலும் திராட்சைத் தோட்டப் படிகள் போலப் பல கோணங்களில் திரும்பிய தட்டுக்களில் உட்காரவைத்ததை உலகம் வியந்தது. பின்னர் உலகின் பல நகரங்களில் எழுந்த இசை மண்டபங்கள் அதைப் பின்பற்றின. உள்ளே இருக்கிறவன் எங்கே இருக்கிறான், எதைப் பார்க்கிறான் என்பதிலிருந்து கட்டடத்தைத் தொடங்கும் அந்த முறையை, சேமியா ஆலை முதலாளியின் செலவில் லோபாவிலே ஒத்திகை பார்த்திருந்தார் என்பேன்.

எஜமானர்கள் மாறினார்கள்

1945-ல் செஞ்சேனை ஊருக்குள் புகுந்தபோது, ஊரிலேயே விசாலமான வெளிச்சமுள்ள வீடு எதுவோ அது ராணுவத்தாரின் உபயோகத்துக்குப் போயிற்று. யுத்த காலத்தில் ஜெர்மானியப் படைக்கு உணவுப் பண்டம் அனுப்பிய ஆலை என்பதால் ஷ்மிங்கே யுத்தக் குற்றவாளிகளின் பட்டியலில் சேர்க்கப்பட்டு, ஆலை பறிமுதலாயிற்று. அவர் சோவியத் சிறைப்பிடிப்பில் இருந்தார். வீடு மட்டும் குடும்பத்திடம் திரும்பியது. ஆனால் வருமானம் இல்லாத குடும்பத்துக்குக் கண்ணாடி மாளிகை எதற்கு ஆகும்?

ஷார்லோட்டே அம்மையார் செய்தது இதுதான்: 1945 பிப்ரவரியில் குண்டு வீச்சில் எரிந்துபோன டிரெஸ்டன் நகரத்திலிருந்து வீடிழந்த குழந்தைகளை வரவழைத்து, தம் இல்லத்தையே அவர்களுக்கு உடல் தேற்றும் விடுதியாக நடத்தினார். நால்வருக்கென்று வைத்த வண்ணக் கண்ணாடிகளுக்கு முன்னால் நகரத்துச் சாம்பலிலிருந்து வந்த பிள்ளைகள் வரிசையில் நின்றனர். 1951-ல் குடும்பம் மேற்கு ஜெர்மனியின் செல்லே நகரத்துக்குப் போய்விட்டது. வீடு கிழக்கே தங்கிவிட்டது.

அதன்பின் அது கிழக்கு ஜெர்மானிய அரசின் வாலிபர் இயக்கத்தின் மனமகிழ் மன்றம். பிறகு பயனியர் இல்லம், அதாவது சிவப்புக் கழுத்துத் துணி அணிந்த பள்ளிச் சிறுவர்களின் மாலை நேரக் கூடம். நாஜிப் படையை எதிர்த்து உயிர் நீத்த சோவியத் இளைஞன் ஒலெக் கொஷெவோயின் பெயர் அதற்குச் சூட்டப்பட்டது. முதலாளி கட்டிய வீட்டுக்குப் பொதுவுடைமைப் பெயர் வந்து, ஊரில் யார் வீட்டுப் பிள்ளையாயினும் பள்ளி விட்டதும் நேரே அங்கே போய்விடலாம் என்ற நிலை ஏற்பட்டது. சித்திரம் வரையவும், பாடவும், சதுரங்கம் ஆடவும், கொள்கைப் பாடம் கேட்கவும் தலைமுறை தலைமுறையாகச் சிறுவர்கள் அங்கே கூடினார்கள். முன்பு நான் சொன்ன உறுத்தல் தீர்ந்த விதம் இது. 1990-ல் அந்த அரசும் கலைந்த பின்னும் வீடு சில காலம் சிறுவர் பொழுதுபோக்கு நிலையமாகவே நடந்தது.

ஒரு கணம் நின்று கணக்குப் பார்க்க வேண்டும். முடியாட்சியை நினைத்து ஏங்கியவர்களும் குடியரசும் மோதிக்கொண்டிருந்த காலத்தில் திட்டமிடப்பட்டு, நாஜி ஆட்சியில் குடியேற்றம் கண்டு, சோவியத் படையின் கைக்குப் போய், பொதுவுடைமை அரசின் கீழ் நாற்பது ஆண்டு உழைத்து, ஒன்றுபட்ட ஜெர்மனியில் வந்து சேர்ந்த கட்டடம் இது. ஒவ்வோர் அரசுக்கும் முந்திய அரசின் சின்னங்களைத் துடைப்பதில் உற்சாகம் இருந்தது. இவ்வீட்டை மட்டும் எவரும் இடிக்கத் துணியாததற்குக் கலை விமர்சகர்களின் புகழ்ச்சி காரணம் என்று என்னால் நம்ப முடியவில்லை. இரும்புத் திரைக்கு அப்பாலிருந்த அந்தப் புகழ்ச்சி லோபாவின் காதுக்கு எட்டுவதற்கே நெடுங்காலமாயிற்று. அங்கே எந்நேரமும் குழந்தைகள் இருந்தார்கள். குழந்தைகளை வெளியேற்றிவிட்டுக் கடப்பாரையை உள்ளே அனுப்பும் துணிவு எந்த நகர மன்றத்துக்கும் எளிதில் வருவதில்லை.

[பெட்டிச் செய்தி] உடன்பிறந்த வீடுகள்

ஷ்மிங்கே இல்லத்தை வேறு மூன்று வீடுகளோடு சேர்த்து எண்ணுவது கட்டடக் கலை உலகின் வழக்கம்.

*வில்லா சவோய், பிரான்ஸ்:* லெ கொர்பூசியே கட்டியது, 1931-ல் முடிந்தது. கூரை ஒழுகுகிறது என்று வீட்டு அம்மாள் எழுதிய முறையீடுகள் பிரசித்தம். 1940-ல் குடும்பம் வெளியேறியது. ஜெர்மானியப் படையும் பிறகு அமெரிக்கப் படையும் தங்கின. பள்ளிக்கூடம் கட்டுவதற்காக 1958-ல் நிலம் கையகப்படுத்தப்பட்டு, இடிபட இருந்தது தப்பியது.

*டுகென்ட்ஹாட் இல்லம், செக் நாடு:* மீஸ் வான் டெர் ரோ கட்டியது, 1930. யூதக் குடும்பம் 1938-ல் நாட்டைவிட்டு ஓடியது. யுத்தத்தின் முடிவில் சோவியத் குதிரைப் படை தங்கிற்று. பின்னர் முதுகெலும்பு நோயுள்ள குழந்தைகளின் சிகிச்சை நிலையமாயிற்று. கூடத்தின் கருங்காலிச் சுவர்ப் பலகைகள் காணாமற்போய், 2011-ல் அதே நகரத்தில் ஒரு பல்கலைக்கழகச் சிற்றுண்டிச்சாலைச் சுவரில் அகப்பட்டன.

*ஃபாலிங்வாட்டர், அமெரிக்கா:* ஃபிராங்க் லாய்ட் ரைட் அருவியின் மேல் கட்டியது, 1937. அந்தரத்தில் நீண்ட தளங்கள் தொய்ந்துபோனதால் 2002-ல் எஃகு வடங்களால் இழுத்துக் கட்டப்பட்டன.

காப்பாற்றுவது யார்?

புகழ் சோறு போடாது, கூரையையும் அடைக்காது. ஒற்றைக் கண்ணாடி குளிரைத் தடுக்காமல் வெப்பத்தை வெளியே விடுகிறது. எஃகில் ஈரம் ஏறினால் துரு. தட்டைக் கூரையில் பனி தேங்கினால் ஒழுக்கு. நவீன பாணி வீடுகள், அவற்றைக் கட்டிய தலைமுறை எதிர்பார்த்ததைவிட விரைவாக வயோதிகம் அடைபவை. பழைய மரவீட்டில் ஒரு கட்டை உளுத்தால் ஊர்த் தச்சர் வந்து மாற்றிவிடுவார். ஆனால், 1930-களின் மெல்லிய எஃகுச் சட்டத்தைப் பழைய கனத்திலேயே செய்து தருகிறவரைத் தேடிப் பிடிக்க வேண்டும். தடிமனான இரட்டைக் கண்ணாடி போட்டால் குளிர் நீங்கும். ஷரூன் வரைந்த மெல்லிய கோடும் நீங்கிவிடும்.

பணத்தைவிடச் சிக்கலான கேள்வி ஒன்றும் உண்டு. எந்த வீட்டைப் பாதுகாப்பது? 1933-ல் ஷ்மிங்கே குடும்பம் வாழ்ந்த வீட்டையா, ஆயிரக் கணக்கான பயனியர்களின் ஞாபகத்தில் உள்ள வீட்டையா? பின்னால் வந்தவர்கள் பூசிய சாயத்தையும் வைத்த தடுப்பையும் சுரண்டி எறிந்தால், ஊராரின் இளமைப் பருவத்தையும் கூடவே சுரண்டியதாக ஆகும். ஷரூனுடைய எண்ணத்துக்கே முதலிடம் என்பது என் பக்ஷம். ஆனால் அதைச் சொல்லும்போது, அந்த ஞாபகங்களுக்கும் ஒரு சுவரேனும் ஒதுக்க வேண்டும் என்று சேர்த்துச் சொல்வேன்.

வூஸ்டன்ரோட் என்னும் அறக்கட்டளை பொறுப்பேற்றுச் செய்த பெரும் புதுப்பிப்பு வேலை 1999-ல் தொடங்கி 2000-ல் நிறைவேறியது. சுவரோடு சேர்த்துக் கட்டிய அலமாரிகளை யாரும் தூக்கிக்கொண்டு போக முடியாதாகையால், ஷரூன் இதற்கு அளித்த உள்ளமைப்பில் கணிசமான பகுதியை இன்றும் பார்க்கலாம். இப்பொழுது தனி அறக்கட்டளையொன்று வீட்டைப் பராமரிக்கிறது. அது தேர்ந்த வழிதான் எனக்கு மிகவும் உவப்பானது. பிரபலமான வீடுகளில் கயிறு கட்டி, செருப்புக்கு உறை மாட்டி, நாற்காலியைத் தொடாதே என்று பலகை தொங்கவிட்டிருப்பார்கள். இங்கே கட்டணம் செலுத்தி இரவு தங்கலாம். அந்தச் சமையலறையில் சமைக்கலாம். அந்தக் கூடத்தில் உட்காரலாம். காலையில் எழுந்து மேல்தளத்துக்கு வரலாம். தங்குகிறவர் தரும் பணம் வீட்டின் செலவுக்கே போகிறது.

ஊருக்கு என்ன லாபம்? ஜெர்மனி ஒன்றுபட்ட பின் கிழக்குப் பிரதேசத்துச் சிற்றூர்களிலிருந்து வாலிபர்கள் மேற்கே வேலை தேடிப் போய்விட்டார்கள். ஆலைகள் பல மூடப்பட்டன. லோபாவின் மாவுப் பண்ட ஆலையும் அவற்றில் சேர்ந்துவிட்டது. 2012-ல் மாநிலத் தோட்டக் கண்காட்சியை நடத்தி ஊர் தன்னைச் சிங்காரித்துக்கொண்டது. இருந்தாலும், தூர தேசத்து யாத்ரீகன் ஒருவன் வரைபடத்தில் லோபாவைத் தேடுவது இந்த வீட்டுக்காகத்தான். ஒரு வீட்டால் ஓர் ஊர் பிழைத்துவிடும் என்று சொன்னால் அது மிகை. அடைத்த கடைகளை அது திறந்துவிடவில்லை. எனினும் பக்கத்திலிருந்த ஆலை ஓய்ந்துவிட்டது, ஆலையின் செல்வத்தில் பிறந்த வீடோ இன்னும் உழைத்துக்கொண்டிருக்கிறது.

ஜெர்மனிக்குப் படிக்கவும் வேலைக்கும் போயிருக்கும் தமிழர்கள் இன்று அநேகர். விடுமுறையில் பெர்லினையும் டிரெஸ்டனையும் பார்த்துத் திரும்பிவிடுகிறார்கள். அவர்களுக்கு ஒரு வேண்டுகோள். டிரெஸ்டனிலிருந்து கிழக்கே செல்லும் ரயிலில் ஏறினால் ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் லோபாவில் இறங்கலாம். எல்லா நாளும் திறந்திருக்கும் என்று எண்ணிப் போய் ஏமாறாமல், முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள். வீட்டில் பிள்ளைகள் இருந்தால் அவர்களையும் தவறாமல் அழைத்துப் போங்கள். உள்ளே போனதும் அவர்களை முன்னே விட்டு, நீங்கள் பின்னே நடந்து செல்லுங்கள்.